நாற்பத்து மூன்றாம் பிளாக்

செங்குட்டுவனின் நிம்மதி போனது ஒரு துண்டுக் காகிதத்தால்தான். சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. பதினெட்டு வருஷ சர்வீஸ். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவன் மாதிரி வாயைத் திறக்க மாட்டான். கெட்டவனா என்றால், அதெல்லாம் கிடையாது. தங்கமான மனுஷன்.

அன்று முதல் ஷிப்ட் முடிந்து வந்தபோது மனைவி மணிமொழி கடைக்குப் போயிருந்தாள். தானே சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன் குழம்புக் கிண்ணத்தை நகர்த்தப்போக, அவள் நூலகத்தில் எடுத்து வந்திருந்த தடித்த புத்தகம் கீழே விழுந்தது. அதற்குள்ளிருந்து, நாள்காட்டித் தாளில் கிழித்த ஒரு துண்டும் விழுந்தது. ‘21/114’ என்று அவள் கையெழுத்து. அதன் கீழே, ‘இவரும் தனி ஆள்தான், பாவம். மறக்கக் கூடாது.’

வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஏதோ எண் என்று விட்டிருப்பான். சுரங்க ஊழியர்களின் நகரியத்தில் குடியிருக்கிறவனுக்கு அப்படி விட முடியுமா? கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனாலும், காஸ் சிலிண்டருக்குச் சொன்னாலும், இங்கே முதல் கேள்வி எந்த பிளாக், எத்தனாம் நம்பர் என்பதுதான். இருபத்தோராம் பிளாக், நூற்றுப் பதினாலாம் வீடு. அங்கே ஒரு தனி ஆள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் இசைப்பிரியா ஹாஸ்டலுக்குப் போன பிறகு மணிமொழி படித்துத் தள்ளினாள். தேனீ வளர்ப்பு, கப்பல் கதை, ராணிகளின் வரலாறு, மொழிபெயர்ப்பு நாவல் என்று ஒன்றையும் விடவில்லை. சில சமயம் படித்துக்கொண்டே தனக்குள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் தனக்குப் பங்கில்லை என்று அவனுக்கு முன்பே ஒரு குறை உண்டு. இப்போது அந்தக் குறை பயமாகிவிட்டது. இவள் கைவிட்டுப் போனால் தனக்கென்று யார் இருக்கிறார்கள்? நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் வண்டியை நேரே இருபத்தோராம் பிளாக்குக்கு விட்டான். நூற்றுப் பதினாலாம் வீட்டுக் கதவைத் திறந்தது ஜானகியம்மாள் என்ற வயதான அம்மாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

“பைப் பாக்க வந்தீங்களா? வாங்க, வாங்க. காலையில இருந்து ஒழுகீட்டே இருக்குதுங்க.”

என்ன சொல்வான்? என் பெண்டாட்டியின் புத்தகத்தில் உங்கள் வீட்டு நம்பர் இருக்கிறது என்றா? “ஆமாங்க” என்றான். சுரங்கத்துத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஒரு குழாய் எம்மாத்திரம்! வாஷரை மாற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டான். “வூட்ல வேற யாரும் இல்லீங்களா?”

“நானும் எம்பட பொண்ணும்தானுங்க. அவதான் ஆபீஸ்ல பெர்மனென்ட். இந்த மாசத்துல ஆம்பளைன்னு இந்த வீட்டுக்குள்ள வந்தது நீங்க ஒருத்தருதானுங்க.”

அந்த அம்மாள் காபி வேறு கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் அவனுக்கு வெட்கத்தில் உயிர் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால், மணிமொழி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அதே புத்தகம், அதில் இன்னொரு துண்டு. ‘43/88.’ அவன் விழித்தான். நகரியத்தை எத்தனை முறை சுற்றினாலும் அப்படி ஒரு பிளாக் கிடையாதே!

“மணி, நாப்பத்தி மூணாம் பிளாக்கு எங்க இருக்குது?”

“பிளாக்கா? இன்னாங்க சொல்றீங்க?”

அவன் துண்டை நீட்டினான். இருபத்தோராம் பிளாக்குக்குப் போய் வந்த கதையையும் தலையைக் குனிந்துகொண்டே சொல்லிவிட்டான்.

“அய்யோ! போயி?”

“கொழாயை ரிப்பேர் பண்ணிட்டு வந்தேன்.”

அவள் சிரித்தாள் பாருங்கள், கீரையெல்லாம் மடியிலிருந்து சிதறிப் போனது. பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. “என்னை அப்படி நெனச்சிட்டீங்களே” என்றாள். கண் கலங்கிவிட்டது.

“தப்புதான், மணி. பயந்துட்டேன்.”

அவள் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். படித்த புத்தகங்களுக்கெல்லாம் வரிசையாக எண் போட்டு வைத்திருந்தாள்.

“இருபத்தோராவது புக்கு, நூத்திப் பதினாலாம் பக்கம். அந்தத் தனி ஆளு, கலங்கரை விளக்குல வேலை பாக்கறவரு. கப்பல்ல போறவங்க ஒருத்தருக்கும் அவரு பேரு தெரியாது. இப்பப் படிக்கிற புக்குல, ராணி அறையில குளிருக்கு மூட்டற கணப்பு அணையாம பாத்துக்கற ஒரு பொம்பள. அவளையும் யாருக்கும் தெரியாது. வேற நாடு, வேற காலம், ஆனா ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்க மாதிரி இருக்காங்க. நாப்பத்தி மூணாவது, தேனீ புக்கு. கூடு சூடாவாம இருக்க, உள்ள ரெக்கையை அடிச்சிகினே காத்து வுடுற தேனீ இருக்குதாம். அது ஞாபகம் வந்ததும் மூணும் ஒண்ணா சேந்துடுச்சிங்க. எனக்குப் புல்லரிச்சிப் போச்சி. யாருகிட்ட சொல்றது? அதான் எழுதி வெச்சேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீங்க எப்பனா கேட்டீங்களா?”

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அதனால்தான் அவனுக்குச் சுருக்கென்றது. சிதறிக் கிடந்த கீரையைப் பொறுக்க உட்கார்ந்தான். பாதி பொறுக்கியபின், “எங்க பம்பும் அப்படித்தான்” என்றான்.

“எது?”

“சொரங்கத்துக்கு அடியில தண்ணி முட்டிகினு நிக்குது, மணி. நாங்க ராப்பகலா எறைச்சிகினே இருக்கணும். வுட்டா தரையைப் பொத்துகினு மேல வந்துடும். மேல கரி வெட்டறவனுக்கு அந்த நெனப்பே இருக்காது. தண்ணி வராத வரைக்கும் நாங்க இருக்கறதே யாருக்கும் தெரியாது.”

மணிமொழி அவனை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். “இத்தனை வருஷமா இதை ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“நீ எப்பனா கேட்டியா?”

யோசிக்காமல் வந்துவிட்டது. அப்புறம் அவள் முறத்தை ஒதுக்கிவிட்டு, அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இப்பக் கேக்கறேன். அந்தத் தண்ணி எப்படிங்க இருக்கும்? சில்லுன்னா?”

“சூடா இருக்கும்” என்றான் செங்குட்டுவன். அதன் பிறகு அவன் நிறுத்தவே இல்லை.