ஓகஸ்ட் மாத வருகை

பிற்பகல் மூன்று மணிக்குள் இன்னும் ஆறு படிவங்கள் நிரப்ப வேண்டியிருந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில், நாடு திரும்பும் உல்லாசப் பயணிகளிடம் கேள்வி கேட்டு எழுதுவதுதான் நிஷாந்தியின் வேலை. எங்கே தங்கினீர்கள், எத்தனை இரவு, எதற்காக வந்தீர்கள். மே, ஜூனில் ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஜூலையில் கொஞ்சம் கூடும். ஓகஸ்ட்டில் உட்கார இடமில்லாமல் தரையில் இருப்பார்கள். இந்த ஓகஸ்ட் போன வருஷத்தை முந்திவிடும் என்று மேற்பார்வையாளர் நிஸாம் காலையிலிருந்தே உற்சாகமாக இருந்தார்.

டோஹா விமானத்துக்குக் காத்திருந்தவர்களில் ஒருவன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்திருந்தான். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு மனைவி, இரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் கடற்கரை வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. நிஷாந்தி வழமைபோலச் சிரித்து, ஒரு நிமிடம் தர முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தொப்பியை எடுத்தவன் அவளுடைய அண்ணன் பேர்னாட்.

மூன்று கிழமைக்கு முன்புதான் டொரொன்டோவிலிருந்து கதைத்திருந்தான். லீவு கிடைக்கவில்லை, டிசம்பரில் பார்ப்போம் என்று அம்மாவிடம் சொன்னான். பாரிசவாதம் வந்து இரண்டு வருஷமாகக் கொட்டாஞ்சேனை வீட்டில் கட்டிலோடு கிடக்கும் அம்மா, பரவாயில்லை ராசா, வேலையைப் பார் என்று அவனைத் தேற்றினாள். நிஷாந்தி ஏதோ சர்வே கொம்பனியில் இருக்கிறாள் என்பது மட்டுந்தான் அவனுக்குத் தெரியும். எங்கே நின்று வேலை செய்கிறாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

அவன் எழும்பினான். மனைவி அவசரமாகக் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள். நிஷாந்தி என்ன செய்வதென்று தெரியாமல் படிவத்தைப் பார்த்து, கண்ணில் பட்ட கேள்வியைக் கேட்டாள்.

"எத்தினை நாள் நிண்டனீங்கள்?"

பன்னிரண்டு என்றான். மலைநாட்டில் எல்லவில் ஐந்து, பெந்தோட்டைக் கடற்கரையில் மூன்று.

"மற்ற நாலு நாளும்?"

"வெள்ளவத்தை. இவளின்ட மாமா வீட்ட."

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. படிவத்தில் 'கொழும்பு' என்று எழுதினாள். அவனே குரலைத் தாழ்த்திக் கதைத்தான்.

"அம்மாவை அந்தக் கோலத்தில பாக்க என்னால ஏலாது நிஷா."

"நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன் அண்ணா."

கைத்தொலைபேசியை எடுத்து, ஒருக்கா அம்மாவோடு கதைக்கச் சொல்லி நீட்டினாள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் அவன் இங்கே நிற்பது அம்மாவுக்கு விளங்கிவிடும் என்று அவன் கையை இழுத்துக்கொண்டான். பிறகு, அம்மாவிடம் சொல்லிப்போடாதே என்றான். அது மட்டுந்தான் அவன் அவளிடம் கேட்டது.

பதில் சொன்னவர்களுக்குக் கொடுக்கும் சின்னத் தேயிலைப் பெட்டியை அவள் அவனுடைய மகளிடம் கொடுத்தாள். படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை. "தேங்க்யூ" என்றது, முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லும் மரியாதையோடு. வருகையின் நோக்கம் என்ற இடத்தில் 'உறவினரைச் சந்தித்தல்' என்றொரு கட்டம் இருந்தது. நிஷாந்தி அதைத் தாண்டி 'விடுமுறை'யில் அடையாளமிட்டாள். கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. அடுத்த கதிரையில் இருந்த ஜெர்மன்காரரிடம் போனாள்.

செப்டெம்பர் முதல் கிழமை, அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் செய்தி போனது. ஜூலையைவிட ஓகஸ்ட்டில் கூடுதலானோர் வந்திருக்கிறார்கள் என்றார்கள்.

"இவ்வளவு சனம் வந்திருக்கு," என்றாள் அம்மா, கோணிய வாயால் மெல்ல. "எங்கட பிள்ளைக்குத்தான் லீவு குடுக்கிறாங்கள் இல்ல."

நிஷாந்தி கரண்டியை நீட்டினாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. திரையில், விமான நிலைய வாசலால் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருபவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.