காளானா, நீளக்குழாயா?

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. சின்னப் பொய்தான். கடை வைத்திருப்பவன் ஒரு நாளைக்கு நாற்பது சொல்லும் ரகம். கீலுங் என்னும் துறைமுக ஊரில் கார் உதிரிபாகக் கடை நடத்துகிறேன். அப்பா மீன்சந்தையில் ஏலம் கூவியவர். எங்கள் வீட்டில் கஞ்சிக்கு ஊறுகாய் ஜாடியை யார் எடுத்துவருவது என்பதற்கே பேரம் நடக்கும். ஆகவே நான் சொல்வதில் எப்போதும் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். இன்று மட்டும் கழிக்க வேண்டாம்.

இப்போது பிற்பகல் மணி இரண்டு ஐம்பது. நகராட்சி புயல் விடுமுறை விட்டுவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பில் புத்தகத்தின் பின்பக்கங்களில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கை சும்மா இருந்தால் ஃபோனையே எடுக்கிறது.

2

முதல் தொடக்கம்:

புயல் கரையை நெருங்கிய அன்று, லாய் என்னும் வாடிக்கையாளர்

வேண்டாம். புயலில் தொடங்கினால் நீங்கள் குடையைத் தேடுவீர்கள், காரைப் பார்க்க மாட்டீர்கள்.

இரண்டாம் தொடக்கம்:

டர்போ வைத்த காருக்குப் பெரிய மூச்சு வேண்டும். கம்பெனி கொடுக்கும் காற்றுப்பெட்டி அதற்கு மூக்கடைப்பு மாதிரி. அதைக் கழற்றிவிட்டு மாட்ட இரண்டு வகை உண்டு. ஒன்று குட்டைக் குழாய். நுனியில் வடிகட்டி குடை விரித்தாற்போல் நிற்பதால் எங்கள் ஊரில் அதைக் காளான் என்போம். பானட்டுக்குள் எஞ்சின் பக்கத்திலேயே உயரமாக உட்கார்ந்து சூடான காற்றைக் குடிக்கும். மற்றது நீளக் குழாய். அது பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்கு முன்னால் தாழ இறங்கி, வெளியே ஓடும் குளிர்ந்த காற்றை

தாழ இறங்கி. இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

(தாழ என்றால் எவ்வளவு? அவசரமாக டேப் எடுத்து, வாசலில் நிற்கும் பழைய காரின் பம்பரை அளந்துவிட்டு வந்தேன். தரையிலிருந்து ஒன்றரைச் சாண்.)

3

சரி, ஆளை உள்ளே கூட்டிவருகிறேன். லாய். நாற்பது வயது. நூடுல்ஸ் கடைக்காரர். வெள்ளை டர்போ கார். போன ஞாயிறு என் கடைக்கு வருகிறார்.

"காளானா, நீளமா? எது நல்லதுன்னு உள்ளதச் சொல்லு."

"காளான் சூப்புக்கு நல்லது."

"கிண்டல் பண்ணாத. டர்போ காத்த அமுக்கறப்பவே சூடாக்கிடுது. அப்பறம் முன்னாடி இருக்கற கூலர் அத ஆத்திடுது. அப்ப உள்ள போற காத்து கொஞ்சம் சூடா இருந்தா என்ன, குளுந்தா என்ன? குட்டையா இருந்தா மிதிச்ச ஒடனே பாயும்ங்கறாங்க."

"யாரு சொல்றா?"

"எல்லாரும்."

"அந்த எல்லாரும் ஆகஸ்ட் மாசம் சிக்னல்ல நின்னிருக்காங்களா? பானட்டுக்குள்ள முட்ட உடைச்சு ஊத்தினா வெந்துரும். அந்தக் காத்தையா வண்டிக்கு ஊட்டுவ? நீளத்த எடு. சத்தமும் போடாது, பரம சாது."

"இங்க வருஷத்துல பாதி நாளு மழ. தண்ணி ஏறுச்சுன்னா?"

"நீ ஓட்டறது காரா, படகா?"

"வடிகட்டிக்கு மழையுறை ஏதாச்சும் இருக்கா?"

"அதெல்லாம் தேவையே இல்ல."

4

லாயை எனக்கே நம்ப முடியவில்லை.

நூடுல்ஸ் கடைக்காரர் புயல் நாளில் ஏன் வெளியே போகிறார்? புயல் விடுமுறையில் கடையை மூடிவிட்டுத் தூங்கத்தானே செய்வார்? இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். இருவரும் ஒருவரையொருவர் 'நீ' என்றே பேசிக்கொள்கிறார்கள். நாற்பது வயது வாடிக்கையாளரை நான் 'நீ' என்று கூப்பிட்டால் அப்பா சுடுகாட்டிலிருந்து எழுந்துவந்து அறைவார்.

லாய் கிடையாது. வந்தது ஷூ-யுன். என் தங்கை.

அவள் பக்கத்து ஊரான ருயிஃபாங்கில் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் நர்ஸ். புயலுக்கு ஊரே மூடலாம், சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தம் விடுமுறை எடுக்காது. அதனால் அவளும் எடுக்க முடியாது. மேலே இருக்கும் பேச்சை அவள் குரலில் இன்னொரு முறை படியுங்கள். தண்ணி ஏறுச்சுன்னா என்று கேட்டது அவள். படகா என்று சிரித்தது நான்.

என் தொழிலில் எனக்குத் தெரியாதது எதுவும் அவள் சொல்லவில்லை. டர்போ காருக்கு நீளக் குழாயால் கிடைக்கும் லாபம் கொஞ்சம், மழை ஊரில் அதன் ஆபத்து அதிகம். அவள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்த நீளக் குழாய் இரண்டு வருடமாக என் சுவரில் தொங்குகிறது. வெயில் பட்ட பக்கம் பெட்டியின் சிவப்பு ரோஜா நிறமாகிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. அதனால் தள்ளிவிட்டேன். தங்கையிடம்.

"அண்ணே, உனக்கு ஒண்ணு தெரியுமா? பொய் சொல்றப்ப எடது கையால காது மடலத் தடவுவ."

"அரிக்குது."

"சின்ன வயசுலேர்ந்து அரிக்குது."

சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். "சும்மா என்ன குடுப்ப?" என்றும் கேட்டாள். எங்கள் ரத்தம்தானே, இலவசமில்லாமல் போக மாட்டாள். கல்லா பக்கத்திலிருந்த இரண்டு பச்சைப் பொட்டலங்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.*

* சோளப்பொரிப் பொட்டலம். அதன் பெயருக்கு 'சமத்தா இரு' என்று பொருள். இங்கே எந்த இயந்திரத்தின் மேலும் ஒன்று இருக்கும்: ஆஸ்பத்திரி, வங்கி, என் பரிசோதனைக் கணினி. பச்சையாக இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது. முக்கியமாக, தேதி தாண்டியிருக்கக் கூடாது. தாண்டினால் இயந்திரம் முரண்டு பிடிக்கும். சிரிக்காதீர்கள். பொறியியல் படித்தவர்களும் இங்கே பொட்டலத்தைத் திருப்பித் தேதி பார்ப்பார்கள்.

இதை எழுதும்போதுதான் கல்லா பக்கம் மிச்சமிருக்கும் ஜோடிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

ஏப்ரலோடு முடிந்துவிட்டது. இது செப்டம்பர்.

5

இரண்டு ஐந்துக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது: "கெளம்பிட்டேன். மேட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சாம். ரயில் பாலத்தடி வழியா வரேன்."

"வராத. அங்கயே இரு" என்று போட்டேன். இன்னும் அவள் படிக்கவில்லை. அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது ஒரு பெண்குரல், ரொம்ப நிதானமாக. ருயிஃபாங்கிலிருந்து இருபத்தைந்து நிமிஷ வழி.

இரண்டரைக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பாலத்துக்கு முந்திய முனையில் ஒரு போலீஸ்காரர் கயிறு கட்டி நின்றார். மழைக்கோட்டுக்குள் மூக்கு மட்டும் தெரிந்தது.

"எங்க கெளம்பிட்ட? விடுமுறை விட்டதே வீட்ல இருக்கத்தான்."

"தங்கச்சி அந்தப் பக்கத்துலேர்ந்து வரா சார்."

"வருவா. நீ உள்ள போனீன்னா ரெண்டு பேரத் தேடணும் நான்."

"பாலத்தடியில தண்ணி எவ்வளவு?"

"முழங்கால்."

"அந்தப் பக்கம் கயிறு கட்டியாச்சா?"

அவர் வாக்கி-டாக்கியைத் தட்டினார். அது கரகரவென்றது. "தெரியல" என்றார்.

முழங்கால். என் முழங்கால் இரண்டரைச் சாண். குழாயின் வாய் ஒன்றரைச் சாண். இந்தக் கணக்கை வழியெல்லாம் போட்டுக்கொண்டே திரும்பினேன். எப்படிப் போட்டாலும் பேரம் படியவில்லை.

(தண்ணீர் குழாய்க்குள் போனால் என்ன ஆகும் என்று இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். ஒரு வரியில் சொல்கிறேன்: காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. எஞ்சினுக்குள் இரும்பு வளையும். கார் நின்ற இடத்திலேயே நிற்கும். நிற்கிற இடம் பாலத்தடி என்றால் தண்ணீர் ஏறிக்கொண்டே)

6

முடிவுகள்.

அ. கார் பாலத்தடியில் நிற்கிறது. கதவு திறக்கவில்லை. பச்சைப் பொட்டலம் மிதக்கிற

இல்லை. இதை எழுத மாட்டேன்.

ஆ. அந்தப் பக்கமும் கயிறு கட்டியிருக்கிறார்கள். அவள் காரை மேட்டில் நிறுத்திவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்து, என்னைத் திட்டிக்கொண்டு சூடாக ஏதோ குடிக்கிறாள். நல்ல முடிவு. ஆனால் அவளை எனக்குத் தெரியும். காலையிலிருந்து பதினான்கு நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருபவள் டீக்கடையில் உட்கார மாட்டாள், வீட்டுக்கு வந்து தூங்கத்தான் பார்ப்பாள்.

இ. இதற்கு உங்களிடம் மறைத்துவைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அந்தக் குழாயை நான் மாட்டவில்லை. "உனக்குக் கூலி வேற குடுக்கணுமா? எங்க மையத்துக்குப் பக்கத்துல யூன்னு ஒருத்தன் பட்டறை இருக்கு, அங்க பாத்துக்கறேன்" என்று பெட்டியோடு போய்விட்டாள். நேற்று காரைப் பட்டறையில் விட்டாள். இன்று காலை ரயிலில் போய் அங்கேயே எடுத்துக்கொண்டாள். பானட்டுக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அந்த யூ காளானும் விற்கிறவன். என் நீளக் குழாயை வாங்கிக்கொண்டு காளானை மாட்டிக்கொடுக்கக் கூடியவன்தான். காளான் இருக்கும் உயரத்துக்கு முழங்கால் தண்ணீர் எட்டாது.

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கல்லாவில் உட்கார்ந்து "என்னை நம்புங்க" என்று சொல்லி விற்றிருக்கிறேன். நம்பாதவர்களைக் கண்டால் பிடிக்காது. இன்று கடல் தெய்வத்தின் படத்துக்கு முன்னால் நின்று, ஒரே ஒருத்தி என்னை நம்பாமல் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் இடது கையை அவள் பார்த்திருக்க வேண்டும்.

7

மூன்று பதினேழு.

காளான் மாட்டிய டர்போ காரைத் தெருமுனையிலேயே தெரிந்துகொள்ளலாம். பெடலை விடும்போது 'உஸ்ஸ்' என்று பெருமூச்சு விடும். நீளக் குழாய் பரம சாது. நானே சொல்லி விற்றேன். அது வந்தாலும் கேட்காது, வராவிட்டாலும் கேட்காது.

இப்போது சந்துக்குள் ஏதோ உஸ்ஸென்றது.

பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் காற்று நுழைந்தாலும் இதே சத்தம் வரும். பாலத்திலிருந்து திரும்பியதிலிருந்து நாலு தடவை ஏமாந்திருக்கிறேன். எழுந்துபோய்ப் பார்க்கலாம். பேனாவைக் கீழே வைக்கவில்லை. பார்க்காதவரை மூன்று முடிவும் என்னிடம் இருக்கின்றன.

மறுபடியும் உஸ்ஸ். பக்கத்தில்.

அவள்தான். எழுதிவிட்டேன், பாருங்கள்: அவள்தான். வலது கையால் எழுதினேன். என் இடது கை இப்போது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.