கிளம்புகிறவரிடம் கேட்கக் கூடாத கேள்வி

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, மழை பொய்த்த வருஷம். ஆழ்குழாய்க் கிணறு போட ஒரு ஹாலந்துக் கம்பெனி ஒத்தக்கடையில் வந்து இறங்கியது. அதில் தினக்கூலிக்கு ஜீப் ஓட்டினார் அலங்காநல்லூர் பேயாண்டி. நாற்பத்தைந்து வயது. கம்பெனி பெரியவர் ஹென்ரிக் துரைக்கு இங்கிலீஷ் நம்மைப் போலத்தான் வரும். தன் பாஷையான டச்சில் வழி பேசிப் பரீட்சையில் தேறும் டிரைவருக்கே நிரந்தர வேலை, மற்றவர்கள் கிளம்பலாம் என்று அறிவித்துவிட்டார்.

பேயாண்டி டைப்பிஸ்ட் ஸ்யாமளாவிடம் போய் நின்றார். புருஷனோடு ஹாலந்தில் இருந்து திரும்பியவள். வேலை முடிந்த பிறகு பாடம். அவள் கொட்டாவி விட்டால் இவரும் விடுவார்.

"இங்கேன்னா ஹீர். கை நீட்டிக் காட்டற இடம்னா தார். முன்னாடியே பேசின இடம்னா சும்மா எர். அவ்வளவுதான் அண்ணே."

"இம்புட்டுத்தானா? இதுக்கு எதுக்கும்மா மூணு?"

"அதை அந்த ஊர்க்காரா கிட்டக் கேளுங்கோ. எனக்குத் தலை வலிக்கறது. எழுந்து கிளம்பற மாதிரி நடங்கோ, நான் கேக்கறேன். வார் ஹா யே ஹேன்?"

"அப்படின்னா?"

"எங்கே போறேள்னு அர்த்தம்."

பேயாண்டி திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கிளம்பிய ஆளை 'எங்கே' என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் விடியாது. உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும்.

"பாடத்துக்குத்தானே கேட்டேன்!"

"எந்தப் பாசையில கேட்டா என்னம்மா, கேட்டது கேட்டதுதான்."

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. கேள்வியை விட்டுவிட்டுப் பதில்களை மட்டும் சொல்லிக் கொடுத்தாள்.

பரீட்சை அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. துரை ஜீப் சாவியைக் கொடுத்தார். பேயாண்டி வாசலைத் தாண்டவும் முதுகுக்குப் பின்னால் கேட்டார்: "வார் ஹா யே ஹேன்?"

பேயாண்டி திரும்பி வந்தார், உட்கார்ந்தார், பானையில் மொண்டு குடித்தார், எழுந்தார். ஆளுக்குப் புரியவில்லை போலும் என்று நினைத்த துரை, இன்னும் நிதானமாகக் கேட்டார். பேயாண்டி மறுபடி உட்கார்ந்தார்.

"பதிலைச் சொல்லுங்கோ அண்ணே!" என்று ஸ்யாமளா பல்லைக் கடித்தாள்.

"வேலை கெட்டுப்போயிரும்மா, பேசாம இருங்க."

மத்தியானம் கழிந்தது. பானை காலி. குழாயிலிருந்து பிடித்து வந்தார்கள். அன்றைக்கு ஒத்தக்கடையில் நிலத்தடி நீர் ஒரு முழம் இறங்கியதாகக் கம்பெனி இன்ஜினியரே அளந்து சொன்னார். நான் கூட்டிச் சொல்கிற வழக்கமில்லை. கேட்டுக் கேட்டுத் துரையின் குரல் கம்மிவிட்டது. அவரும் நாற்காலியில் சாய்ந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். இனி வேறு ஆளைப் பார்க்கலாம் என்று சாவிக்குக் கை நீட்டினார்.

அப்போதுதான் பேயாண்டியின் வயிறு முந்திக்கொண்டது. சாவியை மேஜையில் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து ஓடினார். ஓடுகிறவனைப் பார்த்ததும், பழக்க தோஷம், துரையின் வாய் தானாகக் கேட்டுவிட்டது:

"வார் ஹா யே ஹேன்?"

இந்த முறை திரும்பி வந்து உட்கார உடம்பு இடம் கொடுக்கவில்லை. பேயாண்டி புளியமரத்து மறைவைக் காட்டி அலறினார்: "தார்ஹேன்! தார்ஹேன்!"

அங்கேதான் போகிறேன் என்று அர்த்தம். அச்சுப் பிசகாத டச்சு. துரை கண்ணை மூடிக்கொண்டு, போதும் என்று தலையாட்டினார். ஸ்யாமளா மேஜையில் தலை கவிழ்ந்தாள்.

நிரந்தர டிரைவராகப் பேயாண்டி அன்று சாயங்காலமே துரையை அழகர்கோவிலுக்கு ஓட்டிப் போனார். வழிநெடுக ஜீப்பை நிறுத்தி நிறுத்தி இறங்கினார். துரை வாயே திறக்கவில்லை.