பொம்மை கட்டிய கைலி

வாருங்கள். கையிலிருக்கும் வேலையைச் சற்றே கீழே வைத்துவிட்டு, திண்டிவனம் கடைத்தெருவுக்கு வாருங்கள். அங்கே தரையிலிருந்து உச்சி வரை கண்ணாடி போர்த்தி நிற்கும் ஒரு ஜவுளி மாளிகையின் வாசற்படிக்கு உங்களை அழைக்கிறேன். விழுப்புரத்தில் அதற்குத் தலைமைக் கடை, இங்கே கிளை. அந்தப் படியில் ஒரு மனிதர் நிறுத்தப்பட்டார். கண்ணாடிக்கு உள்ளே ஒரு பொம்மை நின்றது. இரண்டின் இடுப்பிலும் இருந்தது கட்டம் போட்ட கைலிதான். பொம்மைக்குக் குளிர்காற்று கிடைத்தது. மனிதருக்கு வெயில் கிடைத்தது. இந்த அநீதிக்கு நீங்கள் சாட்சியாக வேண்டும்.

ஆடித் தள்ளுபடியோடு அந்தக் கடை இந்த ஆண்டு 'கட்டத் திருவிழா' என்று ஒன்றைக் கொண்டாடியது. 'கட்டத்துக்கு வயதே இல்லை' என்று ஊரெங்கும் தட்டி வைத்தது. தொழிலாளர்கள் அனைவரும் கட்டம் போட்ட உடையில்தான் வர வேண்டும் என்று ஆணையிட்டது. ஆண்கள் சட்டைப் பிரிவில் நின்ற வெண்ணிலா என்ற பெண்தான் அந்தத் திருவிழாவின் நாக்கு. பள்ளிச் சீருடையில் தொடங்கி ஓய்வுபெற்ற பிறகும் உடம்பை விட்டு இறங்காதது கட்டம். பட்டன் மாறும், காலர் மாறும், கட்டம் மட்டும் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டே இருக்கும் என்று அவள் சொல்லச் சொல்ல, வங்கி அதிகாரியும் வாங்கினார், கல்லூரி மாணவனும் வாங்கினான்.

அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் கட்டம் யாரால் இத்தனை காலம் நிலைத்தது என்று அந்தக் கடை என்றைக்காவது கேட்டதா? குறுக்கும் நெடுக்கும் ஓடும் நிறங்களுக்குள் மீன் ரத்தம் மறையும், உப்புக் கறை மறையும் என்பதற்காக அதை இடுப்பில் கட்டியவன் கடலுக்குப் போனான். வயலுக்குப் போனவனும் கட்டினான், கல் சுமந்தவனும் கட்டினான். உழைப்பவன் தேய்த்துத் தேய்த்து நிலைக்க வைத்ததை எடுத்து, காலர் தைத்து, 'புது வரவு' என்று பெயரிட்டு விற்பவர்கள், உழைப்பவனைக் கண்டதும் மூக்கைப் பொத்துகிறார்கள்.

வெண்ணிலாவின் அப்பா தேவநாதன் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் மீன்பிடிப்பவர். மகள் வேலை பார்க்கும் இடத்தை அவர் பார்த்ததே இல்லை. தன் சம்பளத்தில், தன் பிரிவிலிருந்து, தன் கையால் ஒரு சட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கூப்பிட்டாள், அவரும் வந்தார். எப்படி வந்தார் தெரியுமா? மடிப்புக் கலையாத புதுக் கைலியில் வந்தார். புதிது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று அதில் ஒட்டியிருந்த லேபிளைக்கூட அவர் கிழிக்கவில்லை. அவர் ஊரில் அதுதான் மரியாதையான உடுப்பு. பேருந்திலிருந்து இறங்கி, கடை வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மடித்துக் கட்டியிருந்த கைலியைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார். கோயிலுக்குள் நுழைபவரைப் போல் அந்த வியாபாரிகளின் படியில் கால் வைத்தார்.

காவலாளி சீனுவாசன் கையை நீட்டி மறித்தார்.

"அண்ணே, கைலியோட உள்ள விட மாட்டாங்கண்ணே. போர்டு பாருங்க. என்னைத் திட்டாதீங்க, நானும் ஊட்டுக்குப் போனா இதைத்தான் கட்டிக்கினு கெடக்கறேன்."

திருவிழாவுக்கென்றே அன்று காலையில் மாட்டப்பட்ட பலகை அது. 'கைலி அணிந்து வருவோருக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. தன் மகள் மேலே வேலை செய்கிறாள் என்று தேவநாதன் சொன்னார். செய்தி மேலாளர் ஜெகதீசனுக்குப் போனது. அவர் வெண்ணிலாவையும் அழைத்துக்கொண்டு இறங்கி வந்தார். அவர் உடம்பிலும் அன்று கட்டம்தான்.

ஜெகதீசன் கோபப்படவில்லை. கோபத்தைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தார், கருணை காட்டினார். இப்படி வருபவர்களுக்கென்று ஒரு வெள்ளை வேட்டியை வாங்கி வைத்திருப்பதாகவும், கைலிக்கு மேலே அதைச் சுற்றிக்கொண்டால் தாராளமாக உள்ளே வரலாம் என்றும் சொன்னார். கோயிலில் சட்டையைக் கழற்றச் சொன்னால் கழற்றுகிறோமே, இதுவும் ஒரு டிசிப்ளின்தான் என்று விளக்கமும் கொடுத்தார். காவலாளியின் நாற்காலிக்கு அடியிலிருந்து அந்த வேட்டி வந்தது. காலையிலிருந்து அதைச் சுற்றி அவிழ்த்த எவரெவர் வியர்வையோ அதில் ஈரமாக ஒட்டியிருந்தது.

தேவநாதன் ஒப்புக்கொண்டார். ஆம், ஒப்புக்கொண்டார்.

"அதுக்கென்னங்க சார், சுத்திக்கினு வர்றேன். பொண்ணு வேலைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஜெகதீசன் அந்த வேட்டியைத் தகப்பனிடம் கொடுக்கவில்லை; மகளிடம் நீட்டினார்.

"நீயே சுத்தி உடும்மா. கஸ்டமர்ங்க நின்னுக்கினு இருக்காங்க பாரு. ஜல்தி."

பெற்ற தகப்பனின் உடையை அவமானச் சின்னமாக்கி, அதை மூடும் வேலையையும் மகளுக்கே கொடுத்தார்கள். இதைவிடத் துல்லியமாக ஒரு குடும்பத்தின் முகத்தில் உமிழ முடியுமா?

வெண்ணிலா வேட்டியை வாங்கிக்கொண்டாள். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. கதவுக்கு உள்ளே, கண்ணாடியை ஒட்டி நின்ற பொம்மையிடம் போனாள். கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்த அந்தப் பொம்மைக்குச் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட கைலியை நீளப் பாவாடைபோல் உடுத்தி, அந்த வாரத்தின் சிறப்பு என்று எழுதி வைத்திருந்தார்கள். வெண்ணிலா குனிந்து, அந்த வேட்டியைப் பொம்மையின் இடுப்பில் சுற்றி, நுனியை இறுக்கிச் செருகினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இதுவும் கைலிதான் சார் கட்டிக்கினு இருக்குது. ரூல்ஸ்னா எல்லாருக்கும்தானே?"

துணி எடுக்க வந்த ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். இன்னொருவர் செல்பேசியை உயர்த்தினார். கருணை வழிந்த ஜெகதீசனின் முகம் கறுத்தது. அங்கேயே நின்று விழுப்புரத்துக்குப் பேசினார். தலைமைக் கடையிலிருந்து பதில் வர அதிக நேரம் ஆகவில்லை. வெண்ணிலாவின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கினார்கள். மேலே இருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து வரக்கூட அவளை விடவில்லை.

வெளியே தேவநாதன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். அவருடைய ஆத்திரம் கடையின் மேல் பாயவில்லை. மகளின் மேல் பாய்ந்தது.

"நான்தான் சுத்திக்கினு வர்றேன்னு சொன்னேனே. எதுக்கும்மா இந்தப் பேஜாரு? ஒரு துணிதானே?"

"உனக்கு அது ஒரு துணிப்பா. நான் அதைச் சுத்தி உட்டிருந்தா, நாளைக்கு அங்க போயி ஒவ்வொரு சட்டையா பிரிச்சிக் காட்டி, 'கட்டம் நல்லா இருக்கும் சார்'னு சொல்லணும். எப்படிச் சொல்லுவேன்?"

சட்டை வாங்க வந்தவர் வெறுங்கையோடும், சட்டை விற்றவள் வேலையின்றியும் மரக்காணம் பேருந்தில் ஏறினார்கள்.

மறுநாள் அதே பலகை விழுப்புரத்திலும் தொங்கியது. ஒழுங்கீனத்துக்காக ஒரு பெண்ணை நீக்கினோம் என்று கடைக்காரர்கள் கேட்பவர்களிடம் சொல்கிறார்கள். ஒழுங்கீனமாம்! தகப்பனைத் தகப்பனாகவே உள்ளே அழைத்துப் போக நினைத்தது ஒழுங்கீனமாம்!

படிக்கிறவர்களே, உச்சுக் கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். உங்கள் அலமாரியிலும் கட்டம் இருக்கிறது. அந்தக் கடையின் பையும் இருக்கிறது. அவர்கள் உங்கள் முகச் சுளிப்புக்கு அஞ்சியே அந்தப் பலகையை மாட்டியதாகச் சொல்கிறார்கள். உங்கள் பெயரால் நடந்த அவமானம் இது. மறுக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் இருப்பவர்கள் திண்டிவனம் கடைக்கும், விழுப்புரத்தில் இருப்பவர்கள் விழுப்புரம் கடைக்கும் போங்கள். ஆண்களே, கைலியிலேயே போங்கள். வேட்டியை நீட்டினால் வாங்காதீர்கள். பெண்களே, சட்டைப் பிரிவுக்கு நேராக ஏறுங்கள். ஒரு துணியையும் தொடாதீர்கள், விலை கேட்காதீர்கள். "வெண்ணிலா எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். பலகை இறங்கி, அவள் தன் இடத்துக்குத் திரும்பும் வரை, வாரந்தோறும் போய்க் கேளுங்கள்.