பின்சுவரில் மீன் வாடை

படாரென்று வண்டியின் பின்சுவர்ப் பலகை பெயர்ந்து விழுந்தது. தட்டில் அடுக்கியிருந்த மக்ரூன்கள் மேல் தெர்மாகோல் துண்டுகள் கொட்டின. கூடவே குப்பென்று மீன் வாடை.

ஜெபசுதாவுக்குத் தலை கொதித்தது. நாளைக் காலை கடை திறப்பு. போதகர் ஜெபம் பண்ண வருகிறார்.

டீச்சர் வேலையை விட்டுவிட்டு, கண் ஆஸ்பத்திரி ஒன்று கழித்துப் போட்ட பழைய டிரெய்லரை வாங்கியிருந்தாள், தூத்துக்குடி கடற்கரையில் மக்ரூன் கடை போட. உள்பலகை உளுத்து, அதன் பின்னால் இருந்த பஞ்சு ஈரத்தில் ஊறி எலிக்கூடாகக் கிடந்தது. அத்தனையையும் பிடுங்கி, வெயில் இறங்காமல் புதுத் தெர்மாகோலும் பிளைவுட்டும் அடிக்கும் வேலையை, மீன்பிடி லாஞ்சுகளுக்கு ஐஸ்பெட்டி செய்யும் வேல்ராஜிடம் கொடுத்திருந்தாள். உள்ளே புழுங்கினால் மக்ரூன் நமுத்துவிடும்.

ஒரு துண்டைத் திருப்பினாள். மீன் செதில். பாதி கிழிந்த ஏற்றுமதி ஸ்டிக்கர்.

போன் போட்டதும் வேல்ராஜ் பைக்கில் வந்து இறங்கினான்.

"என்ன அண்ணாச்சி இது? புதுசு போடச் சொன்னா மீன்பெட்டிய உடைச்சு அடைச்சு வச்சிருக்கீய!"

"யாரப் பாத்து சொல்லுதீய டீச்சர்? நான் பெட்டிக்குள்ளதான் மீன் வைப்பேன். சுவத்துக்குள்ள வைக்க மாட்டேன்."

"அப்ப இது தானா நடந்து வந்துச்சாக்கும்! நாளைக்கு வாரவங்களுக்கு மக்ரூன் குடுக்கட்டா, கருவாடு குடுக்கட்டா?"

வேல்ராஜ் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பக்கச்சுவரைக் கழற்றினான். உள்ளே புதுத் தெர்மாகோல் தகடுகள் பளீரென்று வெள்ளையாக இருந்தன. வாடையே இல்லை.

"இது நான் செஞ்சது. பூரா ஸ்குரூ. அங்கன பாருங்க, வெறும் ஆணி! பின்சுவர மிச்சம் வச்சுட்டு திருச்செந்தூருக்கு நடைப்பயணம் போனேன். வந்து பாத்தா பலகை அடிச்சாச்சு. என்னை நம்பாம வேற ஆள வச்சு முடிச்சுட்டீயன்னு எனக்கும் கோவம்தான்!"

"நான் யாரையும் வைக்கலையே!"

சொல்லிவிட்டு ஜெபசுதா திரும்பிப் பார்த்தாள். மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் அவள் கணவன் கிருபாநிதி, கொட்டிய துண்டுகளைச் சத்தம் காட்டாமல் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். இருவரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் அவன் கை நின்றது.

"சோப்புப் போட்டு நல்லாக் கழுவித்தான சுதா வச்சேன்?"