மாடியிலிருந்து இறங்கும் வழி

ஐயப்பன் ரம்பத்தைப் படிக்கட்டுத் தூணில் வைத்ததும் சூப்பர்வைசர் கௌஸ் முகைதீன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. நானூறு வருசத்து மரம். அர்பாப் உன்ன உள்ள தள்ளிருவாரு."

"அப்ப மச்சான எப்படி பாய் இறக்கறது?"

மாடியில் பொன்னுச்சாமி கிடந்தார். ஐயப்பனின் அக்காள் புருஷன். காலையில் டீ கொண்டுபோன ஐயப்பன்தான் முதலில் பார்த்தான். தூக்கத்திலேயே போயிருந்தார், உடம்பு விறைத்துவிட்டது. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போயாயிற்று. ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஏறப் பார்த்துப் பாதிப் படியில் திரும்பினார்கள்.

அது இங்கிலாந்தில் ஏதோ ஒரு பண்ணை வீடு. அதைப் பிரித்து, கட்டைக்குக் கட்டை அடையாளம் போட்டு, கண்டெய்னரில் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் இறக்கி, அரபி முதலாளியான அர்பாபின் தோட்டத்தில் திரும்ப எழுப்பியிருந்தார்கள். மரச்சட்டத்தில் ஓர் இரும்பாணிகூடக் கிடையாது. தூணும் உத்தரமும் ஒன்றுக்குள் ஒன்று செருகி மர ஆணியில் நின்றன. சட்டங்களுக்கு இடையே மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசிய சுவர். வீட்டின் நடுவில் பெரிய புகைபோக்கி. அதை ஒட்டிச் சுருண்டு ஏறும் படியில் ஓர் ஆள் தோளைச் சாய்த்துத்தான் போக முடியும். ஜன்னல்களில் தலைகூட நுழையாது.

வெயிலில் ஓக் மரம் வெடித்துவிடும் என்று இரவு பகலாக ஏசி ஓடியது. காவலுக்கு மாடியில் படுத்தவர் பொன்னுச்சாமி. "லேபர் கேம்ப்ல மனுசனுக்கு ஏசி ரிப்பேரு. இங்க மரத்துக்கு ஓடுது. நானும் ஒரு கட்டையா பக்கத்துல கெடந்துக்கறேன்" என்பார்.

ஆம்புலன்ஸ்காரர்களில் ஒருவரான பட்டாணியர், நிற்க வைத்துக் கட்டி இறக்கலாம் என்று இந்தியில் சொன்னார். முட்டியை மட்டும் மடக்க வேண்டும். கொஞ்சம் பலம் கொடுத்தால் மடங்கிவிடும்.

போன் அடித்தது. ஊரிலிருந்து அக்கா நாகவள்ளி.

"கீழ கொண்டாந்தாச்சாடா?"

"இப்பத்தான்க்கா."

"அவருக்கு முட்டி வலிடா. மடக்குனா உசுரு போயிரும்பாரு. நேரா படுக்க வச்சுக் கொண்டாங்க."

அவன் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு மாடிக்கு ஏறினான். பட்டாணி பின்னாலேயே பெல்ட்டோடு வந்தார். "ஜல்தி, சீக்கிரம். அடுத்த கேஸ் வந்துருச்சு."

ஐயப்பன் மச்சானின் கால்மாட்டில் உட்கார்ந்தான். பலகை லேசாக ஆடியது. அந்த இடம்தான். அவனும் மச்சானும் மற்ற தச்சர்களோடு வீட்டைக் கோத்தபோது அங்கே மட்டும் குறுக்குச் சட்டங்கள் வெறுமனே வெட்டுக்குள் உட்கார்ந்திருந்தன. ஆணிகள் கையோடு வந்தன. பசை போட்டு அடைக்கப் போன ஐயப்பனைப் பொன்னுச்சாமி தடுத்தார். "மத்த எடத்துல அறைஞ்சவனுக்கு இங்க அறையத் தெரியாதா? மூட்டை எறக்க விட்டிருப்பான்."

"ஆமா, வெள்ளைக்காரன் நெல்லு அவிச்சான்" என்று அன்றைக்குச் சிரித்திருந்தான்.

இப்போது பலகையின் நீளத்தைப் பார்த்தான். பக்கத்தில் படுத்திருந்தவரைப் பார்த்தான். பிறகு தோளகலத்தை.

"பாய்," என்று கீழே பார்த்துக் கூப்பிட்டான். "கீழ மேசைய நகத்துங்க."

மூன்று ஆணிகள் விரலுக்கே வந்தன. நான்காவது அசையவில்லை. பட்டாணி கடிகாரத்தைப் பார்த்தார். ஐயப்பன் குப்புறப் படுத்துப் பல்லால் கவ்வி இழுத்தான். வந்தது.

பலகைகளைத் தூக்கியதும் கீழ்க்கூடம் தெரிந்தது. பாய் அண்ணாந்து பார்த்து, ஸ்ட்ரெச்சரை அதன் வழியே மேலே தூக்கிக் கொடுத்தார். திறப்பின் விளிம்பில் இரண்டு பக்கமும் மரம் பள்ளமாகத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. மச்சானை நேராகப் படுக்க வைத்துக் கட்டிய பெல்ட்டுகள் அந்தப் பள்ளங்களில் தாமாகவே போய் அமர்ந்தன. ஸ்ட்ரெச்சர் எங்கும் இடிக்காமல் இறங்கியது. கீழே பாய் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"அந்தக் காலத்துலயும் இதுக்குன்னு யாரோ யோசிச்சிருக்கான்" என்றார் மெதுவாக.

வாசலில் ஆம்புலன்ஸ் கதவு சாத்தப்பட்டது. பின்னால் போகக் காரை எடுக்கப் போன பாய், "திறப்ப மூடிட்டு வந்துருப்பா" என்றார். கொஞ்சம் தயங்கி, "இனிமே நைட் ட்யூட்டிக்கு நீதான் படுக்கணும்போல" என்றார்.

போன் அடித்தது.

"எப்படிடா வந்தாரு?"

"படுத்தபடியே வந்தாருக்கா."

நாகவள்ளி போனை வைத்தாள்.

ஐயப்பன் சட்டங்களை வெட்டில் உட்கார்த்தி, பலகைகளைப் போட்டு, ஆணிகளை ஒவ்வொன்றாகத் துளையில் வைத்தான். ஆணி அறையும் மரச்சுத்தியலான கொட்டாப்புளி பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுக்காமல் விரலால் அழுத்தினான்.