குழாயில் தண்ணீர் வரவில்லை

பாரித்தோ ஆற்றில் படகு ஓட்டுகிறவனின் ஒரு கண் எப்போதும் பக்கவாட்டுக் குழாயில்தான் இருக்கும். லாரியிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜினுக்கு அங்கே ஆற்று நீர்தான் குளிர்ச்சி. உறிஞ்சிய தண்ணீர் இன்ஜினைச் சுற்றிவந்து அந்தக் குழாய் வழியே பீய்ச்சியடிக்க வேண்டும். நின்றுபோனால், கரையில் துணி துவைப்பவர்கள்கூடக் குரல் கொடுப்பார்கள். முகம் தெரியாதவனுக்கும் கத்துவது அங்கே வழக்கம்.

அன்று காலை பஸ்ரானின் இரண்டு கண்களும் மனைவி அர்பாயாவின் மேல் இருந்தன. தலைப்பிரசவம். படகின் நடுவே பாயில் வலியில் புரண்டுகொண்டிருந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று மருத்துவச்சி விரட்டியிருந்தாள்.

"டேய், உன் படகு மூத்திரம் பேயலடா!"

ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன ஜம்ஹாரி எதிரிலிருந்து கத்தினான். துறையில் பயணிகளைப் பிடிக்கிற சண்டையில் பஸ்ரானோடு பேச்சு முறிந்தவன். இந்த நேரத்திலும் நக்கலா என்று பஸ்ரான் வேகத்தைக் கூட்டினான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

புகை கிளம்பிய பிறகுதான் திரும்பிப் பார்த்தான். குழாய் வறண்டிருந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு, வாளியில் ஆற்று நீரை மொண்டான்.

"ஊத்தாத!" படகைத் திருப்பிக்கொண்டு வந்த ஜம்ஹாரி தாவி ஏறி வாளியைப் பிடுங்கினான். "கொதிக்கிற இரும்புல பச்சத்தண்ணி பட்டா வெடிச்சிடும். அப்புறம் குடும்பத்தோட பிச்சதான் எடுக்கணும்."

"என் பொண்டாட்டி சாகுறாளேண்ணே!"

"சாக விட்டுருவேனா? கயித்தப் புடி."

இரண்டு படகுகளையும் பக்கம் பக்கமாகக் கட்டினார்கள். ஜம்ஹாரியின் இன்ஜின் இரண்டையும் இழுத்தது. சந்தை வேளை தப்பிப்போயிற்று. ஆரஞ்சைப் பற்றி அவன் மூச்சே விடவில்லை.

"அம்மாடி, பல்லக் கடிச்சுக்கோ. உன் புருசன் மக்குதான், ஆனா நான் இருக்கேன்ல?" என்றான். அந்த வலியிலும் அவள் சிரித்துவிட்டாள்.

ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் இருவருமே பிழைத்திருக்க மாட்டார்கள் என்றார் டாக்டர்.

பஸ்ரான் துறைக்கு ஓடிவந்தபோது படகுகளில் ஆளில்லை. படகுக்கு அடியிலிருந்து ஜம்ஹாரி தலையைத் தூக்கினான். கையில் உறிஞ்சு குழாயை அடைத்திருந்த பிளாஸ்டிக் பை.

"இன்ஜின் ஆறிடுச்சு. கிளப்பிப் பாரு."

பஸ்ரான் கிளப்பவில்லை. உடுத்திய துணியோடு தண்ணீரில் இறங்கி அவனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"பொண்ணுண்ணே. ரெண்டு உயிரும் நீ குடுத்தது. பேரு வெக்கிற அன்னிக்குக் குடும்பத்துப் பெரியவரா நின்னு அவளுக்கு மொத முடிய நீதான் கத்தரிக்கணும்."

ஜம்ஹாரி கையிலிருந்த பையைப் படகுக்குள் எறிந்தான். பிறகு, "எனக்குக் கை நடுங்குமேடா" என்றான்.